எல்லை கடக்கும் நஞ்சு

போதைப்பொருள் கடத்தலைத் தடுப்பதில் அண்டை மாவட்டங்களும், அண்டை மாநிலங்களும், அண்டை நாடுகளும் ஒன்றோடொன்று எவ்வாறு ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். காவல்துறை அதிகாரியோ வழக்கறிஞரோ பேச வேண்டிய பொருளாயிற்றே, ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. ஆகவே, இந்தப் பொருள் என் வீட்டு வாயிலுக்கு வந்து சேர்ந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலைப் பொழுதில், நாமக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் ஒரு காலத்தில் நான் பணியாற்றிய பள்ளியில் படித்தவன். பிறகு லாரியில் கிளீனராகச் சேர்ந்து வடநாட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தான். அந்த அம்மையார் மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து என் மேசைமீது வைத்து, "இதிலே என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க ஐயா, எங்க ஊர்ல யாருக்கும் புரியலீங்க" என்றார். அஃது அயல் மாநில நீதிமன்றம் ஒன்றில் தாக்கலான குற்றப்பத்திரிகையின் நகல். ஆங்கிலத்தில் இருந்த பகுதிகளை நான் படித்தேன். அவனிடமிருந்து கைப்பற்றிய கஞ்சாவின் எடை 22 கிலோ என்று அதில் கண்டிருந்தது.

வழியில் ஒருவன் மூட்டையைக் கொடுத்தானாம். சேலத்தில் ஆள் வந்து வாங்கிக்கொள்வார் என்றானாம். கையில் இரண்டாயிரம் ரூபாயும் கொடுத்தானாம். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமலே சுமந்தான் என்று நான் கூற வரவில்லை. அறிந்தேதான் சுமந்திருக்கிறான். ஆனால், கொடுத்தவன் பெயர் அவனுக்குத் தெரியாது. வாங்கவிருந்தவன் பெயரும் தெரியாது. நான் படித்து முடித்ததும் அந்தத் தாய் கேட்டது ஒரே கேள்விதான்: "எப்போ வெளியே விடுவாங்க, ஐயா?"

அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்காகவே, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை வாங்கி வந்து படித்தேன். படிக்கப் படிக்க என்னைக் குறித்தே வேறொரு கேள்வி என் மனத்தில் எழுந்தது. அதனை என் பேச்சின் இறுதியில் கூறுவேன்.

போதையும் எல்லையும் பற்றிப் பேசுவதற்குச் சேலம் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1-ஆம் நாள் மதுவிலக்குச் சட்டம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்திலேதான். அக்காலத்துச் சேலம் மாவட்டம் மிகப் பெரியது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களும் அதனுள் அடங்கியிருந்தன. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமத்தை நிறுவி, அங்கிருந்தே 'விமோசனம்' என்னும் மதுவிலக்குப் பத்திரிகையையும் நடத்தியவர் இராஜாஜி. இம்மாவட்டத்து மக்களின் நிலையை அவர் நேரில் அறிந்தவர். அச்சட்டம் மதுவை மட்டுமன்றிக் கஞ்சா முதலிய போதைச் சரக்குகளையும் தன்னுள் அடக்கியதாகும்.

மாவட்டத்திற்குள் கடைகள் மூடப்பட்டன. ஆனால், மாவட்டத்தின் எல்லைக்கு அப்பால்? மேற்கே காவிரியின் மறுகரையில் அந்நாளையக் கோயம்புத்தூர் மாவட்டம், வடமேற்கே மைசூர் சமஸ்தானம், தெற்கே திருச்சிராப்பள்ளி. அங்கெல்லாம் கடைகள் திறந்தே இருந்தன. என் பாட்டனார் பள்ளிபாளையத்திற்கு அருகில் காவிரிக் கரையில் உழுது வாழ்ந்தவர். நான் சிறுவனாக இருந்தபோது அவர் இதனைப் பலமுறை சொல்லியிருக்கிறார். விலக்கு வந்த முதல் மாதங்களில் ஊரில் சண்டை ஓய்ந்ததாம். கூலிப் பணம் வீட்டுக்கு வந்ததாம். பெண்கள் விளக்கேற்றிக் கும்பிட்டார்களாம். ஆயினும், பொழுது சாய்ந்ததும் பரிசல் துறையில் மட்டும் கூட்டம் குறையவில்லையாம். "அக்கரைக்குப் போறவன் நேரா நடந்து போவான், வர்றவனைத்தான் பிடிச்சுக்கிட்டு வரணும்" என்று சொல்லி அவர் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பில் ஒரு நிருவாக உண்மை இருக்கிறது. கடையை மூடுகிற இடம் தன் வருவாயை இழக்கிறது. கடையை மூடாத அண்டை இடமோ அந்த வருவாயையும் சேர்த்துப் பெறுகிறது. இழந்த வருவாயை ஈடுசெய்யவே 1939-இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தத் தொகை சிறிதன்று என்பது விளங்கும். எல்லைக்கு இப்பாலுள்ளவன் எவ்வளவு விழித்திருந்தாலும், அப்பாலுள்ளவன் ஒத்துழைக்காதவரை அந்த விழிப்பு அரைப்பயனே தரும். அரசினர் இதனை உணர்ந்தே இருந்தனர். 1938-இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939-இல் வடஆர்க்காட்டிற்கும் விலக்கு விரிவாக்கப்பட்டது. 1948-இல் மாகாணம் முழுவதும் அதற்குள் வந்தது. பின்னாளில், 1971-இல் அது தளர்த்தப்பட்டதும், 2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையில் விற்பதும் நாம் அறிந்தவை. மதுவைப் பற்றிய வாதத்தில் நான் இன்று இறங்கவில்லை. பரிசல் துறை கற்பித்த பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அன்று கள்ளுக்காகச் சேலத்தான் ஆற்றைக் கடந்தான். இன்று கஞ்சாவோ நெடுந்தூரம் கடந்து சேலத்தை நோக்கி வருகிறது. ஏன் சேலத்தை நோக்கி வர வேண்டும்? நிலப்படத்தை விரித்து வைத்தால் விடை தானே தெரியும்.

நம் நாட்டில் கஞ்சா மிகுதியாகத் திருட்டுத்தனமாகப் பயிரிடப்படும் இடங்களுள் ஒன்று, ஆந்திரமும் ஒடிசாவும் சந்திக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதி. அதனை வாங்குவோர் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இருக்கின்றனர். நம் கடற்கரையிலிருந்து படகேற்றி இலங்கைக்குக் கொண்டு செல்வோரும் உளர். மலைக்கும் வாங்குவோனுக்கும் இடையே இருப்பது சேலம். தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் விரைவு வண்டி இராயகடா, விசயநகரம், விசாகப்பட்டினம், விசயவாடா ஆகிய ஊர்களைக் கடந்து காட்பாடி, சேலம், ஈரோடு, கோயம்புத்தூர், பாலக்காடு என்று செல்கிறது. அந்த வண்டியில் சேலம் நிலையத்தில் கஞ்சாப் பொட்டலங்கள் பிடிபட்டன என்னும் செய்தியை நீங்கள் நாளிதழ்களில் பலமுறை படித்திருப்பீர்கள். சாலையை எடுத்துக்கொண்டாலோ, காசுமீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓசூர், கிருட்டிணகிரி, தருமபுரி வழியாக வந்து, சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுச் செல்கிறது. கொச்சிக்குச் செல்லும் 544-ஆம் எண் சாலை சேலத்தில்தான் அதிலிருந்து பிரிகிறது.

நல்ல சரக்கு செல்லும் வழியிலேதான் கெட்ட சரக்கும் செல்லும். நாமக்கல்லும் திருச்செங்கோடும் சங்ககிரியும் லாரித் தொழிலால் வாழும் ஊர்கள். முட்டையும் மரவள்ளி மாவும் ஏற்றிச் செல்லும் லாரிகளும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளும் இங்கிருந்து புறப்பட்டு நாடெங்கும் ஓடுகின்றன. நம் பிள்ளைகள் பல மாதங்கள் வீட்டைப் பிரிந்து, மொழி தெரியாத ஊர்களில், உறக்கம் கெட்டு, சாலையோரத்தில் வாழ்கின்றனர். இத்தகைய இளைஞனிடம் அறிமுகமற்ற ஒருவன் வந்து ஒரு மூட்டையையும் சில ஆயிரம் ரூபாயையும் நீட்டுகிறான். கடத்தல் வாணிகத்தில் சுமப்பவனைக் 'குருவி' என்பார்கள். பெயர் பொருத்தமானதே. வலையில் விழுவது குருவிதான். வலைக்கு வெளியே நிற்பவனுக்கு அதன் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் குருவிக்குச் சட்டம் என்ன சொல்கிறது? கஞ்சாவைப் பொறுத்தவரை, ஒரு கிலோ வரையில் இருந்தால் சிறிய அளவு; அதற்கு ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். ஒரு கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குள் இருந்தால் பத்தாண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேற்பட்டால் அது வாணிக அளவு. அதற்குக் குறைந்த தண்டனையே பத்தாண்டு. இருபதாண்டு வரையிலும் செல்லும். அபராதம் ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறையாது. வாணிக அளவு வழக்கில் பிணையில் விடுவதற்கும் சட்டத்தின் 37-ஆம் பிரிவு கடுமையான தடை விதிக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவர் என்று நம்ப இடமிருப்பதாகவும், வெளியே சென்றால் மீண்டும் குற்றம் செய்யமாட்டார் என்றும் நீதிமன்றம் கருதினாலன்றிப் பிணை கிடையாது. மேலும், சரக்கு ஒருவரிடம் இருந்தது என்பது மெய்ப்பிக்கப்பட்டால், அறிந்தே வைத்திருந்தார் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். அறியேன் என்பதை அவர்தாம் மெய்ப்பிக்க வேண்டும். வண்டியும் பறிமுதலுக்கு உரியதாகும். தமக்குத் தெரியாமல் நடந்தது என்பதையும், தக்க எச்சரிக்கையோடு இருந்ததையும் உரிமையாளர் காட்டினாலன்றி அது திரும்பாது.

22 கிலோ என்னும் எண்ணின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அந்தத் தாய் மறுமுறை வந்தபோது அதனை விளக்கிச் சொன்னேன். "ரெண்டு கிலோவுக்காகவா ஐயா பத்து வருசம்?" என்று அவர் கேட்டார். சட்டம் எங்கேனும் ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும், அம்மா என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

இனி, ஒத்துழைப்பு என்பது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் காண்போம். நம் அரசியலமைப்பில் காவல்துறை மாநிலங்களின் பொறுப்பு. ஒரு காவல் நிலைய அதிகாரி தம் எல்லைக்குள் ஒரு குருவியைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிரிட்டவன் ஒரு மாநிலத்து மலைமீது இருக்கிறான். அனுப்பியவன் ஒரு நகரத்தில் இருக்கிறான். வாங்குபவன் மூன்றாவது மாநிலத்தில் இருக்கிறான். பணம் நான்காவது ஊரிலுள்ள வங்கிக் கணக்கில் இருக்கிறது. அந்த அதிகாரியின் கைக்கு எட்டியது ஒரு மூட்டையும் ஓர் இளைஞனும் மட்டுமே. நான்கு இடத்துச் செய்தியும் ஓரிடத்தில் சேர்ந்தாலன்றி வழக்கு அந்த இளைஞனோடு முடிந்துபோகும்.

இதற்காகவே 1986-இல் மத்திய அரசு போதைப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பை ஏற்படுத்திற்று. மாநிலக் காவல்துறை, சுங்கத்துறை, வருவாய்ப் புலனாய்வுத்துறை முதலியவற்றை இணைப்பது அதன் வேலை. பல துறையினரும் ஒருங்கே அமர்ந்து பேசும் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று 2016-இல் தோற்றுவிக்கப்பட்டது. இன்று அது தலைநகரிலிருந்து மாவட்டம் வரை நான்கு நிலைகளாக இயங்குகிறது. மாவட்ட நிலையில் ஆட்சித் தலைவர் அதற்குத் தலைமை தாங்குகிறார். இரயில்வே பாதுகாப்புப் படையினருக்கும் இச்சட்டத்தின்கீழ்ச் சோதனையிட்டுக் கைப்பற்றும் அதிகாரம் 2019-இல் அளிக்கப்பட்டது. ஓடும் வண்டி எந்த மாவட்டத்துக்கு உரியது என்று வாதிட்டுக்கொண்டிராமல் செயற்பட அது உதவுகிறது.

சட்டத்தில் 50-அ என்றொரு பிரிவு, 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. அதனைப் படித்தபோது எனக்குப் பெரிதும் வியப்பு உண்டாயிற்று. சரக்கு இன்ன வண்டியில் வருகிறது என்று தெரிந்தும் உடனே கைப்பற்றாமல், கண்காணிப்பிலேயே அதனைச் செல்லவிட்டு, வாங்கிக்கொள்ள வருபவன் வரை சென்று பிடிப்பதற்கு அது வழி செய்கிறது. 1988-இல் வியன்னாவில் உருவான உலக உடன்படிக்கை வலியுறுத்திய முறை இது. கேட்பதற்கு எளிது, செய்வதற்கோ அரிது. ஒரு மாநிலத்து அதிகாரி தம் கையிலுள்ள வழக்கை விட்டுக்கொடுத்து, அடுத்த மாநிலத்து அதிகாரியை நம்பி, அந்த மூட்டையை எல்லை கடக்கவிட வேண்டும். பிடித்த பெருமை யாருக்கு என்னும் எண்ணம் இருக்குமானால் இது நடவாது. என் மாணவன் சுமந்த மூட்டையை யாரேனும் சேலம் வரை வரவிட்டிருந்தால், காத்திருந்த கை எது என்பது வெளிப்பட்டிருக்கும். அவன் தப்பியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. அவனோடு மற்றவனும் கூண்டில் நின்றிருப்பான்.

ஒத்துழைப்பினால் பயன் விளைந்ததும் உண்டு. ஆந்திரத்தில் 2021-ஆம் ஆண்டு முதல் 'பரிவர்த்தனா' என்னும் பெயரால் மலைக்காட்டுக் கஞ்சாத் தோட்டங்களை அழிக்கும் பணி நடைபெற்றது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளிக்கு அருகில் சுமார் 2 இலட்சம் கிலோ கஞ்சா தீயிட்டு அழிக்கப்பட்டது. அதே காலத்தில், தமிழகக் காவல்துறை 2021 இறுதியில் 'கஞ்சா வேட்டை' என்னும் நடவடிக்கையைத் தொடங்கி, விற்பவர்களைப் பிடித்ததோடு அவர்களுடைய வங்கிக் கணக்குகளையும் முடக்கிற்று. விளையுமிடத்தில் ஒரு கையும், விற்குமிடத்தில் மறு கையும் வைத்தால்தான் கயிறு இறுகும்.

அண்டை மாவட்டத்தின் துயரம் நம்முடையது அன்று என்று எவரும் இருந்துவிட முடியாது என்பதை 2024 ஜூன் மாதம் நமக்குக் காட்டிற்று. கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிருக்குப் போராடியவர்களில் பலர் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே கொண்டுவரப்பட்டனர். மெத்தனால் வயலில் விளைவதன்று, ஆலையில் உண்டாவது. எங்கோ ஓர் ஆலையிலிருந்து, ஏதோ ஒரு சாலை வழியாக, பல சோதனைச் சாவடிகளைக் கடந்துதான் அஃது ஒரு குடிசைக்கு வந்து சேர முடியும். வழிநெடுக இருந்தோருள் ஒருவர் அடுத்தவருக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் போதுமாயிருந்தது.

நாடுகளுக்கும் இது பொருந்தும். இன்று நாம் வெளியிலிருந்து வரும் போதையைப் பற்றிப் பேசுகிறோம். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சியினர் இந்தியாவில் விளைந்த அபினைச் சீனத்திற்கு அனுப்பிப் பெரும் பொருள் ஈட்டினர். சீன அரசு தன் கரையில் எவ்வளவு தடுத்தும் பயனில்லை. அனுப்பும் கரையும் உடன்பட வேண்டியிருந்தது. 1907-இல் ஏற்றுமதியைப் பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைக்கப் பிரிட்டன் இசைந்தது. 1909-இல் சாங்காய் நகரில் பதின்மூன்று நாடுகள் கூடின. 1912-இல் ஹேக் நகரில் முதல் உலக அபின் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 1961-இல் அவ்வுடன்படிக்கைகளை ஒன்றாக்கிய பேருடன்படிக்கை வந்தது. தெற்காசிய நாடுகள் 1990 நவம்பரில் மாலத்தீவின் தலைநகரான மாலேயில் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இலங்கையின் கொழும்பு நகரில் இந்நாடுகளுக்கான போதைக் குற்றக் கண்காணிப்புப் பிரிவும் அமைந்தது. காவிரிப் பரிசல் துறையில் நம் பாட்டன்மார் கண்ட உண்மையைத்தான் உலகம் மாநாடு கூட்டிக் கண்டறிந்திருக்கிறது.

இப்போது, நான் இறுதியில் கூறுவதாகச் சொன்ன செய்திக்கு வருகிறேன்.

அந்த இளைஞன் பத்தாம் வகுப்பில் படித்தபோது, பள்ளிக்குப் பின்புறம் கஞ்சா புகைத்துக்கொண்டிருந்ததை ஆசிரியர் ஒருவர் கண்டு என்னிடம் அழைத்து வந்தார். அவனுடைய சட்டைப் பையில் ஒரு சிறு பொட்டலம் இருந்தது. நான் பள்ளியின் பெயரை எண்ணினேன். தேர்வு முடிவை எண்ணினேன். மற்றப் பிள்ளைகள் கெட்டுவிடுவரே என்றும் எண்ணினேன். மறுநாள் அவன் தாயை வரவழைத்து, மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நடத்தை 'நன்று' என்றே அதில் எழுதினேன். வேறு பள்ளியில் சேரட்டும் என்று நான் காட்டிய இரக்கம் அது. அடுத்த ஊர்ப் பள்ளியில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கிருந்த தலைமையாசிரியர் எனக்கு நன்கு தெரிந்தவர். மாதந்தோறும் கூட்டங்களில் அருகருகே அமர்வோம். அவரிடம் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சட்டத்தைப் படித்தபோது 64-அ என்னும் பிரிவைக் கண்டேன். போதைக்கு அடிமைப்பட்டவர், சிறிய அளவோடு பிடிபட்டவராயினும், தாமே முன்வந்து அரசு ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்று முடிப்பாரானால், அவர்மீது வழக்குத் தொடரப்படுவதினின்றும் அவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று அது கூறுகிறது. 39-ஆம் பிரிவு, சிறைக்கு மாற்றாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. தண்டிக்கும் கையைப் போலவே தூக்கிவிடும் கையும் இச்சட்டத்திற்கு உண்டு. அந்த நாளில் இதில் ஒரு வரியையேனும் நான் அறிந்திருந்தேன் அல்லேன். அறிந்துகொள்ள முயன்றதும் இல்லை. நான் செய்தது என்ன? என் பள்ளியின் சுற்றுச்சுவருக்கு அப்பால் அவனைத் தள்ளிவிட்டு, என் எல்லையில் போதை இல்லை என்று எழுதிக்கொண்டேன். 1937-இல் கடை மூடிய கரைக்கும் மூடாத கரைக்கும் இடையே இருந்த ஆற்றைப் போல, இரண்டு பள்ளிகளுக்கும் இடையே நான் ஓர் ஆற்றை உண்டாக்கினேன்.

அரசுகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று குறை கூறுகிறோம். மூன்று கல் தொலைவில் இருந்த நண்பரிடம் நான் பேசவில்லையே! பேசியிருந்தால் அவன் நிச்சயமாகத் திருந்தியிருப்பான் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால், அவனுடைய நோயை அறிந்த இரண்டு பெரியவர்கள் அவன் அருகில் இருந்திருப்பார்கள். அந்தத் தாய்க்கு என்னிடம் கோபமில்லை. "நீங்க நல்லதுன்னு நெனைச்சுத்தானே ஐயா சர்ட்டிபிகேட் குடுத்தீங்க" என்றார். அதைக் கேட்பது எனக்கு எளிதாக இல்லை.

ஆதலின், ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் சில சொல்வேன். பிள்ளை ஒருவன் தனித்து ஒதுங்குவதும், கண் சிவந்திருப்பதும், உறக்கமும் பசியும் மாறுவதும், வீட்டில் சிறு தொகைகள் காணாமற்போவதும் கண்டால், அடிப்பதற்கும் வெளியேற்றுவதற்கும் முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பள்ளி மாற வேண்டியே வந்தால், அந்தப் பிள்ளையின் மானத்தைக் காத்து, அடுத்த பள்ளித் தலைமையாசிரியரிடம் மட்டும் நேரில் சென்று பேசுங்கள். போதையிலிருந்து மீள வழி கேட்க விரும்புவோர்க்கு 14446 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது. கடத்தலைப் பற்றிச் செய்தி தரவும் உதவி கேட்கவும் 2024 முதல் 1933 என்னும் எண் நாடு முழுவதற்கும் இயங்குகிறது. பெயரைச் சொல்லாமலும் அதில் செய்தி தரலாம்.

லாரி உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வோர் இளைஞனிடமும், வண்டி புறப்படும் முன், 20 கிலோ என்னும் கோட்டையும் பத்தாண்டு என்னும் தண்டனையையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். முகம் அறியாதவன் தரும் மூட்டையை ஏற்றாதே என்று சொல்லுங்கள். பில்லும் பெயரும் இல்லாத சரக்கு எதுவும் வண்டியில் ஏறக்கூடாது என்பதை வழக்கமாக்குங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தா நாள்தோறும் அந்தத் தாய் சேலத்தில் இரவு வண்டியேறி அயல் மாநிலத்துக்குப் போய் வருகிறார். திரும்பி வந்ததும் புதுக் காகிதங்களை என் மேசைமீது வைக்கிறார். நான் படித்துச் சொல்கிறேன். சென்ற மாதம், நான் பணியாற்றிய பள்ளியின் இன்றைய தலைமையாசிரியரையும், அடுத்த ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியரையும் என் வீட்டிற்கு அழைத்து, இந்தக் கதையை இருவருக்கும் சேர்த்தே சொன்னேன். ஒருவர் தொலைபேசி எண்ணை மற்றவர் எழுதிக்கொண்டார். நெடுநாளைக்கு முன்பே நான் செய்திருக்க வேண்டிய வேலை அது.